நீரிழிவும் கீட்டோன் அபாயமும்

(மாதாப்பூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சென்ற ஆண்டு இதே மேடையில் கம்பன் கவிநயம் பேசப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு சிலப்பதிகாரம். இவ்வாண்டு உங்கள்முன் நிற்பவன் ஒரு ரயில்வே குமாஸ்தா. அவன் எடுத்துக்கொண்ட பொருளோ சிறுநீரில் இறங்கும் ஒரு நஞ்சு. செயலாளர் அவர்கள், "பந்திக்கு முன்னால் பேசவேண்டிய பேச்சா ஐயா இது?" என்று கேட்டார்கள். பந்திக்கு முன்னால் பேசினால்தான் பயன் உண்டு என்று விடை கூறினேன். பந்தியில் பால் பாயசம் என்பதையும் நான் அறிவேன்.

நான் மருத்துவன் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்கு அலுவலகத்தில் ஆர்.ஆர். சீட்டும் டெமரேஜ் கணக்கும் எழுதிக் காலங்கழிப்பவன். ஆயினும் இப்பொருளைப்பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. அஃது அனுபவத்தால் வந்தது. பெருமைப்படத்தக்க அனுபவம் அன்று.

என் இளைய மகளுக்கு ஒன்பதாம் வயதில் நீரிழிவு கண்டது. கணையம் இன்சுலின் சுரப்பதை அறவே நிறுத்திவிடும் முதல் வகை நீரிழிவு அது. நாள்தோறும் ஊசி போட்டாக வேண்டும். இரண்டாண்டுக் காலம் குறைவின்றி நடந்தது. 2019-ஆம் ஆண்டில் உறவினர் திருமணம் ஒன்றிற்காகக் குடும்பத்தோடு சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை சென்று, அங்கிருந்து கும்பகோணம் சேர்ந்தோம். சென்ற அன்று இரவே குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி. ஒரு வாய் சோறும் வயிற்றில் தங்கவில்லை. ஊசி போடும் நேரம் வந்தது. என் தாயார், "வெறும் வயிற்றில் ஊசி போட்டால் சர்க்கரை இறங்கிப் பிள்ளை மயங்கிவிடுமேடா" என்றார்கள். சரியென்றே எனக்கும் பட்டது. சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி எதற்கு? அன்றிரவு போடவில்லை. மறுநாள் காலையிலும் அவள் சாப்பிடவில்லை, ஆதலால் போடவில்லை. நண்பகலிலும் அவ்வாறே.

கருவியில் பார்த்தபோது சர்க்கரை 340 என்று காட்டியது. நேற்று முதல் ஒன்றும் உண்ணாத குழந்தைக்கு 340 எப்படி வரும் என்று எண்ணி, கருவிதான் பழுது என்று அதை மூட்டைக்குள் வைத்துவிட்டேன். கூட்டுத்தொகை சரியாக வரவில்லை என்றால் பேரேட்டையே தூக்கி எறிகின்ற குமாஸ்தா எவனாவது உண்டா? நான் அதைத்தான் செய்தேன்.

மாலையில் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். அருகில் இருந்த ஒரு மருந்தகத்தில் காட்டினோம். அசீரணம் என்று வாந்திக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு நீரிழிவு என்பதை நானும் அழுத்திச் சொல்லவில்லை. இரவில் மூச்சு வேறுவிதமாக மாறிற்று. ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதுபோல, ஆழமாகவும் விரைவாகவும், படுத்த நிலையிலேயே வாங்கினாள். கிட்டப் போனால் வாயிலிருந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. அதன்பிறகே பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் குழந்தையின் பக்கத்தில் வந்ததுமே முகத்தைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், பின் என்னைப் பார்த்தார். "ஊசியை யார் நிறுத்தியது?" என்று கேட்டார்.

"நான்தான் அம்மா" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாட்கள். உயிர் மீண்டது. இன்று கல்லூரியில் பயிலும் அவளே இந்த உரையைப் பிழைதிருத்திக் கொடுத்தாள். இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கின்றாள். பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவளுடைய நிபந்தனை.

அந்த மூன்று நாட்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: பட்டினி கிடந்த உடம்பில் சர்க்கரை ஏன் ஏறியது? இதற்கு விடை தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஆகவே அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி தாருங்கள்.

என் தந்தையார் திருச்சி லோகோ ஷெட்டில் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். டெண்டரில் கரி மலைபோல் குவிந்திருக்கும். ஆனால் அதை மண்வாரியால் அள்ளி நெருப்பில் போடும் ஆள் இல்லையேல் எஞ்சின் நகராது. நம் இரத்தத்தில் ஓடும் சர்க்கரை அக்கரியைப் போன்றது. இன்சுலின் அந்த ஃபயர்மேன். அவன் வராத நாளில் கரி குவிந்துகொண்டே போகின்றது, நெருப்போ அணைகின்றது. உடம்பு என்ன செய்யும்? நின்றுவிட முடியாது. ஆகவே வண்டியின் மரப்பலகைகளை உடைத்து எரிக்கத் தொடங்குகின்றது. உடம்பின் கொழுப்பே அப்பலகை. கொழுப்பு ஈரலுக்குச் சென்று சிதைந்து எரியும்போது உண்டாகும் பொருள்களுக்குத்தான் கீட்டோன் என்று பெயர். அவற்றுள் இரண்டு அமிலத்தன்மை உடையவை. மூன்றாவதாகிய அசிட்டோன் மூச்சில் கலந்து வெளியேறுகின்றது. பழ வாடை அதனால் வருவதே. நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் பயன்படுத்தும் திரவத்தின் வாடையும் அஃதே.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கீட்டோன் இயல்பாகவே கெட்ட பொருள் அன்று. ஏகாதசி விரதம் இருப்பவர் உடம்பிலும் விடிவதற்குள் சிறிதளவு கீட்டோன் தோன்றும். மூளைக்கு அது எரிபொருளாகவும் பயன்படும். ஆனால் அங்கே இன்சுலின் என்னும் காவலன் இருக்கின்றான். கொழுப்புக் கிடங்கின் கதவை அளவோடு திறந்து அளவோடு மூடுகின்றான். இதற்குச் சிறிதளவு இன்சுலினே போதும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தேவைப்படும் அளவில் ஒரு பகுதி இருந்தாலே கீட்டோன் அடங்கிவிடும். இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்கு இவ்வாபத்து அரிதாக வருவதன் காரணம் இதுவே. அறவே இன்சுலின் இல்லாத குழந்தைக்கோ கதவை மூட ஆளே இல்லை. கீட்டோன் பெருகுகின்றது. நம் இரத்தத்தின் அமிலகார நிலை 7.35-க்கும் 7.45-க்கும் இடையே மிகக் கண்டிப்பாக நிற்கவேண்டியது, அது 7.3-க்குக் கீழே இறங்குகின்றது. அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் ஓயாமல் உழைக்கின்றது. அதுதான் நான் கண்ட அந்த மூச்சு. 1874-ஆம் ஆண்டிலேயே குஸ்மால் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இம்மூச்சை விவரித்து எழுதினார். இன்றும் மருத்துவர்கள் அவர் பெயராலேயே அதை அழைக்கின்றார்கள்.

மற்றொரு பக்கத்தில், மிகுந்துபோன சர்க்கரையைச் சிறுநீரகம் வெளியேற்றும்போது அஃது உடம்பின் தண்ணீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகின்றது. வாந்தியும் சேர்ந்தால் உடம்பு வற்றிய ஏரிதான். பொட்டாசியம் என்னும் உப்பின் அளவு தவறினால் இதயத்துடிப்பே தடுமாறும். ஆதலால்தான் இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. சிரையின் வழியே உப்புநீர், அளவறிந்து இன்சுலின், மணிக்கணக்கில் இரத்தச் சோதனை ஆகிய இம்மூன்றும் மருத்துவமனையில் மட்டுமே கூடும்.

சரி, காய்ச்சலில் ஏன் சர்க்கரை ஏறுகின்றது? உடம்பு நோயோடு போராடும்போது சில சுரப்பிகள் அவசர நீர்களைச் சுரக்கின்றன. அவை ஈரலை நோக்கி, "இருப்பிலுள்ள சர்க்கரையை வெளியே அனுப்பு" என்று ஆணையிடுகின்றன. உணவு வாய்வழி வராவிட்டாலும் ஈரல்வழி சர்க்கரை வந்துகொண்டேயிருக்கும். அன்றியும் அந்நீர்கள் இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. ஆகவே நோயுற்ற நாளில் தேவைப்படும் இன்சுலின் குறைவதில்லை. பலருக்குக் கூடவே செய்யும். நான் நிறுத்திய நாள், அவளுக்கு அது மிகுதியாக வேண்டியிருந்த நாள்.

தாய்மார்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். உணவுக்கு முன் போடும் விரைவு ஊசி ஒன்று. நாள் முழுவதும் மெல்ல வேலை செய்யும் நீண்ட ஊசி மற்றொன்று. உண்ணாதபோது முதல் ஊசியின் அளவை டாக்டர் சொல்லியபடி குறைக்கலாம், மாற்றலாம். இரண்டாவதை மட்டும் வீட்டார் தாமாக நிறுத்தவே கூடாது. அளவு எவ்வளவு என்பதை நோய் வந்தபின் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நலமாக இருக்கும் நாளிலேயே டாக்டரிடம், "காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது ரயில்வே காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகின்றது.

இன்சுலின் இல்லாத காலத்தில் இக்குழந்தைகள் என்ன ஆனார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கின்றது. நோய் கண்ட பின் ஓராண்டோ ஈராண்டோ. பட்டினிச் சிகிச்சை அளித்து இன்னும் சில மாதங்கள் இழுத்துப் பிடிப்பார்கள். கனடா நாட்டின் டொராண்டோ நகரத்தில் 1922 ஜனவரி 11-ஆம் நாள் லியோனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாகக் கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. பான்டிங், பெஸ்ட் ஆகியோர் உண்டாக்கிய சாறு அது. சர்க்கரை சிறிது இறங்கிற்று, கீட்டோனோ நீங்கவில்லை. மருந்து தோல்வி என்றே கருதப்பட்டது. காலிப் என்ற வேதியியலார் இரவும் பகலும் உழைத்து அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23-ஆம் நாள் மீண்டும் போட்டார்கள். இம்முறை சிறுநீரிலிருந்து கீட்டோன் மறைந்தது. மருந்து வென்றது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. அச்சிறுவன் அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். 1923-இல் நோபல் பரிசும் வந்தது. நம் தமிழ்நாட்டில், டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார். ஊசியைக் கண்டு மக்கள் ஓடிய காலம் அது.

இந்நகரத்தில் வாழும் நமக்கு, இவ்வாபத்தை நேரில் காட்டிய ஆண்டு 2021. கொரோனாவின் இரண்டாம் அலை. அப்போது கோட்டியிலுள்ள அரசு காது மூக்குத் தொண்டை மருத்துவமனையின் பெயர் அனைவர் வாயிலும் அடிபட்டது நினைவிருக்கும். கருப்புப் பூஞ்சை நோய்க்கு அதுவே தலைமை நிலையமாக அறிவிக்கப்பட்டது. மே மாதம் 20-ஆம் நாள் தெலங்கானா அரசு அந்நோயை அறிவிக்கவேண்டிய நோயாக்கியது; தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. ஜூலை மாதத்திற்குள் நாடெங்கும் 45,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டதாக நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. மூக்கில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும் நோய். உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்துக்காக மக்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

அந்தப் பூஞ்சை எங்கிருந்தோ புதிதாக வந்ததன்று. மண்ணிலும் அழுகிய இலையிலும் ரொட்டியிலும் என்றும் இருப்பது. நலமுள்ளவர் மூக்கில் புகுந்தாலும் வளராது. ஆனால் கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகும்போது, புரதத்தோடு கட்டுண்டிருக்கும் இரும்புச்சத்து அவிழ்ந்துவிடுகின்றது. இரும்பு அப்பூஞ்சைக்கு உரம். சர்க்கரையும் மிகுந்து, வெள்ளணுக்களும் சோர்ந்திருக்கும் உடம்பு அதற்கு விளைநிலமாகின்றது. கொரோனாவிற்காகக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்து பலர் சர்க்கரையை ஏற்றிவிட்டது. தமக்கு நீரிழிவு இருப்பதையே அறியாமல் இருந்தவர்களும் அதில் சிக்கினார்கள். நீரிழிவும் கீட்டோன் அமிலநிலையும் இப்பூஞ்சைக்கு வழிவிடும் என்பதை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகவே சொல்லிவந்தன. நமக்குத்தான் அது செய்தித்தாள் வாயிலாகத் தெரியவேண்டியிருந்தது.

"எனக்கு மாத்திரைதான், ஊசி இல்லை, இப்பேச்சு எனக்கு அன்று" என்று பின்வரிசையில் ஒருவர் எண்ணுவது எனக்குக் கேட்கின்றது. அன்பரே, உமக்காகவும் சொல்கின்றேன். இரண்டாம் வகை நீரிழிவினரும் கடுமையான தொற்று, மாரடைப்பு, பெரிய அறுவை, ஸ்டீராய்டு ஆகியவற்றால் இந்நிலைக்குப் போகக்கூடும். அன்றியும் ஒரு புதுவகை மாத்திரை வந்திருக்கின்றது. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்பவை போல, பெயர் "கிளிப்ளோசின்" என்று முடியும். சர்க்கரையைச் சிறுநீரில் வடியச் செய்யும் மாத்திரை. நல்ல மருந்து, இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் நன்மை செய்வது. முதல் மருந்தின் காப்புரிமையும், 2025 மார்ச்சில் மற்றதன் காப்புரிமையும் நம் நாட்டில் முடிந்தமையால் விலை வெகுவாக இறங்கிற்று. குமாஸ்தா வீட்டுக்கும் அது வந்துவிட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2015 மே மாதத்திலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது யாதெனில், இம்மாத்திரை உண்பவர்களுள் சிலர்க்குச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் அமிலநிலை வரக்கூடும் என்பதே. சர்க்கரை சிறுநீரில் வடிந்துகொண்டிருப்பதால் கருவியில் 180 என்று காட்டும்; உள்ளேயோ பலகை எரிந்துகொண்டிருக்கும். கருவியை நம்பாமல் நான் கெட்டேன். இங்கே கருவியை மட்டும் நம்பியவர் கெடுவார்.

ஆகவே இம்மாத்திரை உண்பவர் வாந்தி, பேதி, உண்ணமுடியாத காய்ச்சல் வந்தால் அதை நிறுத்திவைக்க வேண்டுமா என்று உடனே டாக்டரைக் கேட்கவேண்டும். பெரும்பாலும் நிறுத்தவே சொல்வார்கள். அறுவைக்கு மூன்று நாட்கள் முன்னதாகவே பொதுவாக நிறுத்துவது வழக்கம். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கும் தாய்மார்களும் முருகனிடம் வேண்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசியை நிறுத்தாதே என்றாய், மாத்திரையை நிறுத்து என்கின்றாயே என்று குழம்பவேண்டா. ஊசி கதவை மூடுவது; இந்த மாத்திரை மூடாது.

ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். சோற்றை அறவே விட்டுக் கொழுப்பை மிகுதியாக உண்ணும் "கீட்டோ" உணவுமுறை இப்போது அலுவலக உணவுக்கூடம்வரை வந்துவிட்டது. நலமுள்ள இளைஞர்கள் செய்வது அவரவர் விருப்பம். இன்சுலின் போடுபவரும் இம்மாத்திரை உண்பவரும் டாக்டர் அறியாமல் அதில் இறங்குவது, எரியும் பலகையின்மேல் எண்ணெய் ஊற்றுவதாகும். துர்கம் செருவுக் கரையில் காலைநடை செல்லும் பெரியவர்களும் கேட்க வேண்டும். சர்க்கரை ஏறியிருக்கின்றது, இரண்டு சுற்று கூடுதலாக நடந்து இறக்கிவிடுவோம் என்பது நம்மவர் வழக்கம். கீட்டோன் இருக்கும் நாளில் அந்நடை நன்மை செய்யாது. கீட்டோனை மேலும் ஏற்றும். அன்றைக்கு ஓய்வே வேண்டும்.

கீட்டோனை வீட்டிலேயே பார்க்கலாம். முன்பு கல்லூரி ஆய்வுக்கூடங்களில் ரொதேரா சோதனை என்று ஒன்று செய்வார்கள். சோதனைக் குழாயில் ஊதா வளையம் தோன்றும். அதே வேதியியல்தான் இன்று ஒரு சிறு தாள் துண்டில் அடங்கியிருக்கின்றது. சிறுநீரில் நனைத்து, புட்டியில் குறித்துள்ள நொடிகள் காத்திருந்து, நிறத்தை ஒப்பிட வேண்டும். ஊதா ஏற ஏறக் கீட்டோன் மிகுதி. மழைக்கால ஈரத்தில் தாள் கெட்டுப்போகும். ஆதலால் குளியலறையில் வைக்கலாகாது. புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவிட வேண்டும். ஒரு குறை உண்டு. சிறுநீர் சில மணி நேரத்திற்கு முந்திய செய்தியையே சொல்லும். மூன்று கீட்டோன்களுள் மிகுதியாக உண்டாவதை இத்தாள் காட்டுவதுமில்லை. விரலில் குத்தி இரத்தத்திலேயே பார்க்கும் கருவியும் கிடைக்கின்றது. தாளின் விலைதான் அதிகம். அதில் 0.6 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் அச்சமில்லை. 1.5 வரை கவனம். மீண்டும் பார்க்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் அப்போதே டாக்டரிடம் பேச வேண்டும். 3-ஐ எட்டினால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவமனைதான்.

எப்போது பார்ப்பது? முதல் வகையினர் சர்க்கரை 250-ஐத் தாண்டி இறங்காதபோதும், சர்க்கரை எவ்வளவாயினும் வாந்தியோ காய்ச்சலோ கண்டபோதும் பார்க்க வேண்டும். அந்நாட்களில் இரவிலும் எழுப்பி இரண்டு மூன்று மணிக்கொருமுறை சர்க்கரையைப் பார்ப்பது தாய் தந்தையர் கடமை. உப்பிட்ட கஞ்சி, நீர்மோர், தண்ணீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். சர்க்கரை இறங்கத் தொடங்கினால் இனிப்புச் சேர்த்த நீரைக் கொடுத்து, ஊசியைத் தொடர டாக்டரிடம் வழி கேட்க வேண்டும். குடித்ததெல்லாம் வெளியே வந்தாலும், மூச்சு ஆழ்ந்து வாங்கினாலும், பிள்ளை மயங்கித் தூங்கினாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டா. 108-ஐ அழைக்க வேண்டும். அந்த ஊர்தித் தொண்டு 2005 ஆகஸ்ட் 15-இல் இந்த ஹைதராபாத்தில்தான் தொடங்கியது. டாக்டரைக் கண்டதும் முதல் சொல்லாக, "இவளுக்கு நீரிழிவு, கீட்டோன் பாருங்கள்" என்று சொல்லவேண்டும். கும்பகோணத்தில் அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் ஆறு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

இன்னும் ஒன்று. நீரிழிவு இருப்பதே தெரியாத குழந்தைகளுக்கு இந்நிலையே முதல் அறிகுறியாக வருவதுண்டு. படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினால், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால், தின்றும் இளைத்தால், வயிற்றுவலி என்றும் பூச்சி என்றும் நாட்களைக் கடத்தவேண்டா. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நம் பாட்டிமார் அறிந்த நோய் இது. இன்று ஒரு துளி இரத்தத்தில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என் தாயாரை இங்கே நினைக்கின்றேன். கும்பகோணத்திலிருந்து திரும்பிய பிறகு அவர்கள் நெடுநாள் பேத்தியின் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்கள். தவறு அவர்களுடையது அன்று. பாசத்தால் ஒரு சொல் சொன்னார்கள். கருவியின் எண்ணைக் கண்டும் மூட்டையில் வைத்தவன் நான். இறுதி நாட்கள்வரை, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் அவர்களுடைய முதல் கேள்வி, "ஊசி போட்டார்களா?" என்பதுதான்.

பந்திக்கு இன்னும் கால் மணி நேரம் இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகின்றார். மண்டபத்தின் வாயிலருகே ஒரு மேசை போட்டிருக்கின்றோம். அங்கே என் மகள் சோதனைத் தாள்களை வைத்துக்கொண்டு உட்காருவாள். எப்படிப் பார்ப்பது என்பதை விரும்புவோர்க்குச் செய்து காட்டுவாள். வீட்டில் ஊசி போடும் குழந்தை உள்ளவர்கள் ஒரு புட்டி எடுத்துச் செல்லலாம், விலை வேண்டா. தாளில் எழுதி ஒட்டவேண்டிய குறிப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டு வைத்திருக்கின்றோம். அண்டை வீட்டாருக்கும் உதவும்.